கொலுசுக்கு டச் கேட்பதுபோல் போதனைக்கும் கேளுங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்குபவர் எடையை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. டச், அதாவது வெள்ளியின் சுத்தம், எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் பையைத் திறப்பார். விசுவாசத்தில் இந்தக் கவனம் நமக்குக் குறைவு. பங்குசாமியின் மறையுரை, ஜெபக்கூட்டத்தில் ஒருவர் கண்ட தரிசனம், வாட்ஸ்அப்பில் வந்த ‘மாதாவின் எச்சரிக்கை’, திருத்தந்தை பேட்டியில் சொன்ன ஒரு வரி எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டுவிடுகிறோம். அவற்றில் ஒன்று பொய் என்று தெரிந்தால் மொத்த விசுவாசமும் ஆட்டம் காண்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் அதிகாரத்தை நம்புவது என்றால், அது எதை எந்த உறுதியோடு சொல்கிறது என்று தெரிந்து நம்புவது. அதற்குப் பழக்கம் வேண்டும்.

முதலில் தரம் பிரித்துப் பாருங்கள்

உச்சத்தில் இருப்பவை வரையறுக்கப்பட்ட சத்தியங்கள். ஞாயிறு பூசையில் நின்றுகொண்டு சொல்லும் நம்பிக்கை அறிக்கை அதில் அடங்கும். திருத்தந்தையின் வழுவா வரமும், அதாவது போதனையில் தவறாத வரமும், இந்த வரிசையில்தான் வருகிறது. அதைப் பற்றிய தவறான எண்ணம் நம் பங்குகளிலேயே நிறைய உண்டு. 1870-ல் முதல் வத்திக்கான் சங்கம் வகுத்தபடி, அவர் எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் மேய்ப்பர் என்ற நிலையில், விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றி, இதுவே முடிவு என்று அறிவிக்கும்போது மட்டுமே அது பொருந்தும். மாதா ஜென்மப் பாவமின்றிக் கருவானார் என்ற அமல உற்பவம் (1854), விண்ணேற்பு (1950) ஆகிய இரண்டும் அப்படி அறிவிக்கப்பட்டவை. திருத்தந்தை பாவமே செய்யமாட்டார் என்று திருச்சபை ஒருநாளும் சொன்னதில்லை. அவரும் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர்தான்.

அடுத்தது, திருத்தந்தையும் அவரோடு ஒன்றித்த ஆயர்களும் வழக்கமாகப் போதிப்பவை. வரையறை என்ற முத்திரை இல்லாவிட்டாலும், அறிவாலும் மனத்தாலும் பணிந்து ஏற்க வேண்டும் என்கிறது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருச்சபை பற்றிய ஏடு, எண் 25.

மூன்றாவது, ஒழுங்குமுறை. இது மாறும், மாற்றுகிற அதிகாரமும் திருச்சபைக்கே உண்டு. நன்மை (நற்கருணை) வாங்குவதற்கு முன் நள்ளிரவிலிருந்து உண்ணாமல் இருந்த காலம் உண்டு. 1957-ல் அது 3 மணி நேரமானது, 1964-ல் 1 மணி நேரமானது. “இதை மாற்றினார்கள் என்றால் நாளைக்கு எல்லாவற்றையும் மாற்றுவார்கள்” என்று மனம் கலங்குபவர்கள் இந்த மூன்றாம் வகையை முதல் வகையோடு குழப்பிக்கொள்கிறார்கள். நோன்பு நேரம் குறைந்தது. அப்பத்தில் இருப்பவர் கிறிஸ்து என்ற போதனையில் ஒரு சொல்லும் மாறவில்லை.

கடைசியாகத் தனிப்பட்ட கருத்துகளும் தனி வெளிப்பாடுகளும். லூர்து, பாத்திமா போல திருச்சபை அங்கீகரித்த காட்சிகள்கூட விசுவாசத்தோடு புதிதாக எதையும் சேர்ப்பதில்லை (திருச்சபையின் போதனைகளை எண்ணிட்டுத் தொகுத்த மறைக்கல்வி ஏடு, எண் 67). அப்படியிருக்க, ‘13 பேருக்கு அனுப்பாவிட்டால் வீட்டில் துக்கம் வரும்’ என்று வருகிற ஜெபத்துக்கு என்ன மதிப்பு? அது மூடநம்பிக்கை. அழித்துவிடுங்கள், பயப்படாதீர்கள்.

“பைபிளில் எங்கே இருக்கிறது?”

அஸ்தம்பட்டியானாலும் ஏற்காட்டு எஸ்டேட் லயன் வீடானாலும், வாசலில் வந்து நிற்கும் வேறு சபைக்காரர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். உடனே வசனம் தேடிப் பக்கம் புரட்டுவதுதான் தவறு. ஏனென்றால், எல்லாமே பைபிளில் எழுதியிருக்க வேண்டும் என்ற அவருடைய விதியை நாம் விசாரிக்காமலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். அந்த விதியைப் பைபிள் சொல்லவில்லை. வாய்மொழியாகவும் கடிதத்தாலும் கற்ற மரபுகளைப் பிடித்துக்கொள்ளும்படி 2 தெசலோனிக்கர் 2:15 சொல்கிறது. உண்மைக்குத் தூணும் அடித்தளமும் என்று 1 திமொத்தேயு 3:15 அழைப்பது திருச்சபையை.

இன்னும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது: பைபிளில் எந்தெந்த நூல்கள் என்று யார் சொன்னது? எந்த நூலிலும் அந்தப் பட்டியல் இல்லை. நம் பைபிளில் 46 பழைய ஏற்பாட்டு நூல்களும் 27 புதிய ஏற்பாட்டு நூல்களுமாக 73. வந்தவர் கையில் இருப்பது 66. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு ஆகிய ஏழும் அதில் இராது. இறந்தவர்களுக்காக ஜெபிப்பதைப் பற்றிய 2 மக்கபேயர் 12-ஆம் அதிகாரம் அவருடைய புத்தகத்தில் இல்லை என்பது பேச்சு சூடாவதற்கு முன்பே நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திருத்தூதர் பணிகள் 15-ஐ ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பிற இனத்தார் விருத்தசேதனம் செய்ய வேண்டுமா என்று சண்டை வந்தது. ஆளுக்கொரு சபை தொடங்கிப் பிரிந்து போகவில்லை. எருசலேமில் கூடினார்கள், பேதுரு பேசினார், யாக்கோபு பேசினார், முடிவைக் கடிதமாக எழுதி அனுப்பினார்கள், சபைகள் ஏற்றுக்கொண்டன. இன்றும் நம் வழி அதுதான்.

மற்ற கேள்விகளுக்கு ஒரு சிறு தாளில் எண்களைக் குறித்துப் பைபிள் அட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மறைக்கல்வி ஏட்டில் குழந்தைத் திருமுழுக்கு 1250 முதல் 1252 வரை. உருவங்கள் 2129 முதல் 2132 வரை. உத்தரிக்கும் நிலை (இறந்தபின் தூய்மையடையும் நிலை) 1030 முதல் 1032 வரை. சாமியாரிடம் ஏன் பாவத்தைச் சொல்ல வேண்டும் என்றால் யோவான் 20:23. பதில் தெரியாவிட்டால் “கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். 1 பேதுரு 3:15-16 பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொன்ன கையோடு, பணிவோடும் மரியாதையோடும் சொல்லச் சொல்கிறது. வாதத்தில் ஜெயித்து அண்டை வீட்டாரை இழப்பது வெற்றியாகாது.

வாரம் முழுவதும்

மறைக்கல்வி ஏட்டில் 2865 எண்கள். தினம் 8 எண் படித்தால் ஓராண்டில் முடியும். 15 நிமிடம் போதும். அது கனமாக இருந்தால் 598 கேள்வி-பதிலாக உள்ள அதன் சுருக்கம் இருக்கிறது. தனியாகத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் வாரமே விட்டுவிடுவார்கள். ஆகவே அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் வாரம் ஒரு தலைப்பு என்று சேர்ந்து படிப்பது நல்லது.

உருக்காலை ஷிப்டில் இருப்பவர்களுக்கு: சனி மாலைப் பூசை ஞாயிறு கடமையை நிறைவேற்றும். மலையில் தொலைவான ஊர்களில், சாமியார் வர முடியாத ஞாயிறுகளில், உபதேசியார் நடத்தும் இறைவார்த்தை வழிபாட்டில் கூடுங்கள். அதுவும் இல்லையென்றால் குடும்பமாக அன்றைய வாசகங்களைப் படித்து ஜெபியுங்கள். திருச்சபைச் சட்டம் 1248 இதையே சொல்கிறது. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் உடல் களைத்திருக்கும், தெரியும். ஆனால் டிசம்பரில் விட்ட ஞாயிறு தவக்காலம் வரை நீண்டுவிடும்.

சாவான பாவம் இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் கட்டாயம். அது குறைந்தபட்சக் கணக்கு. மாதம் ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள். சொந்தப் பங்கில் கூச்சமாக இருந்தால் நான்கு ரோட்டில் குழந்தை இயேசு பேராலயத்துக்குப் போகலாம். வேறு பங்கில் செய்வதற்குத் தடை எதுவும் இல்லை.

சாமியாரிடமே குறை கண்டால்

இங்கே வழுக்கி விழுந்தவர்கள் அதிகம். சாமியார் கோபக்காரர், கணக்குச் சரியில்லை, தேர்த்திருவிழாவில் ஒரு பக்கம் சாய்ந்தார் என்று கோவிலையே விட்டுவிடுகிறார்கள். திருமுழுக்கு, நற்கருணை போன்ற அருட்சாதனத்தின் பலன் சாமியாருடைய புண்ணியத்தைப் பொறுத்ததல்ல. கிறிஸ்துவே அதில் செயல்படுகிறார். தகுதியற்ற குருவின் அருட்சாதனம் செல்லாது என்ற தொனாத்துவாதிகளுக்கு எதிராகப் புனித அகுஸ்தினார் அன்றைக்கே இதற்காக வாதாடினார்.

அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மேய்ப்பர்களிடம் தம் கருத்தை மரியாதையோடு தெரிவிக்க விசுவாசிகளுக்கு உரிமை உண்டு, சில வேளைகளில் அது கடமையும்கூட என்கிறது சட்டம் 212. முதலில் நேரில் பேசுங்கள். சரிவராவிட்டால் தேதி, நடந்தது, சாட்சி ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு ஆயருக்கு அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். பெயரில்லாக் கடிதமும் சுவரொட்டியும் வேண்டாம். அவற்றை விசாரிக்க வழியில்லை, பங்கு இரண்டாகப் பிளவுபடுவதுதான் மிச்சம்.

ஒன்று மட்டும் இந்த வரிசையில் சேராது. குழந்தைமீது பாலியல் அத்துமீறல் என்றால் முதலில் காவல்துறைக்குச் செல்லுங்கள். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும். 2019 முதல் மறைமாவட்டங்களும் புகார் பெறும் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பது திருத்தந்தையின் ஆணை. ‘திருச்சபைக்குக் கெட்ட பெயர்’ என்று மறைக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் அதில் கீழ்ப்படிய வேண்டியதில்லை.

ஐயம் போகாமல் நின்றால்

தானாக வரும் ஐயம் வேறு, வேண்டுமென்றே வளர்க்கும் ஐயம் வேறு (மறைக்கல்வி ஏடு, எண் 2088). வந்த ஐயத்தை ஒரே கேள்வியாக, ஒரே வரியில் எழுதுங்கள். “எனக்கு எதுவும் நம்பிக்கையில்லை” என்பதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது; “நற்கருணையில் உண்மையாகவே இயேசு இருக்கிறாரா?” என்பதற்குச் சொல்ல முடியும். அது எந்தத் தரத்தைச் சேர்ந்தது என்று பாருங்கள், ஏட்டில் எண்ணைத் தேடிப் படியுங்கள், பிறகு தாளோடு சாமியாரிடம் போங்கள். பூசை முடிந்த கூட்டத்தில் கேட்காமல், வார நாளில் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். பதில் வரும்வரை பூசையையும் இரவு ஜெபமாலையையும் நிறுத்தாதீர்கள்.