ரிமோட் டெஸ்க்டாப் லாகின் இழுக்கிறதா? லைசென்ஸ் சர்வரைப் பாருங்கள்

பாஸ்வேர்டு கொடுத்த பிறகு அரை நிமிடம், முக்கால் நிமிடம் என்று இழுத்துவிட்டு, உள்ளே போனதும் எல்லாம் வேகமாக ஓடுகிறது என்றால் நெட்வொர்க்கைத் திட்டிப் பயனில்லை. நெட் மந்தமாக இருந்தால் உள்ளேயும் மவுஸ் திக்கும். நுழையும்போது மட்டும் தாமதம் என்றால் யூசர் ப்ரொஃபைல் (பயனரின் சொந்த அமைப்புகள்), குரூப் பாலிசி (நிறுவனக் கணினிகளுக்கு மொத்தமாக விதிக்கும் செட்டிங்), லைசென்ஸ் (ரிமோட்டில் நுழைய வேண்டிய அனுமதி, இதைத் தருவது லைசென்ஸ் சர்வர்) இந்த மூன்றின் மேல்தான் முதல் சந்தேகம் போக வேண்டும்.

லைசென்ஸ்தானா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. ஒரே அட்மின் கணக்கில் முதலில் வழக்கம்போலவும், அப்புறம் ரன் பெட்டியில் 'எம்எஸ்டிஎஸ்சி /அட்மின்' (mstsc /admin) கொடுத்தும் நுழைந்து பாருங்கள். அட்மின் செஷனுக்கு லைசென்ஸ் கேட்பதில்லை, அதனால் இரண்டாவது மட்டும் சட்டென்று திறந்தால் லைசென்ஸ் பக்கம்தான் சிக்கல்.

பெரும்பாலும் காரணம் இதுதான்: பழைய லைசென்ஸ் சர்வரை எப்போதோ கழற்றியிருப்பார்கள், அதன் பெயர் மட்டும் செட்டிங்கில் அப்படியே கிடக்கும். செஷன் ஹோஸ்ட், அதாவது நீங்கள் ரிமோட்டில் நுழையும் சர்வர், அதைத் தேடிக் காத்திருக்கும். 'முடியாது' என்று உடனே சொல்லும் சர்வரால் தாமதம் வராது, பதிலே சொல்லாத முகவரிதான் நேரத்தைத் தின்னும். அப்படி ஒரு டிசிபி (நெட்வொர்க் இணைப்பு) முயற்சியைக் கைவிடவே விண்டோஸ் சுமார் 21 நொடி எடுக்கும். சர்வர் மேனேஜரில் டூல்ஸ் மெனுவுக்குள் இருக்கும் ஆர்டி லைசென்சிங் டயக்னோசரைத் திறந்தால் எந்தெந்தப் பெயர் இருக்கிறது, எது கிடைக்கவில்லை என்று தெரிந்துவிடும். சர்வர் மேனேஜரின் ரிமோட் டெஸ்க்டாப் டெப்ளாய்மென்ட் செட்டிங்கில் மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திவிடாதீர்கள், குரூப் பாலிசியில் பழைய பெயர் இருந்தால் அதுதான் ஜெயிக்கும்.

பெயர் சரியாக இருந்தும் இழுக்கிறதா? ஃபயர்வால். பலர் 135ஆம் போர்ட்டை மட்டும் திறந்து சோதித்துவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள், ஆனால் ஆர்பிசி (லைசென்ஸ் சர்வரோடு பேசும் முறை) அங்கே கை குலுக்கிவிட்டு 49152 முதல் 65535 வரையுள்ள ஏதோ ஒரு போர்ட்டுக்கு மாறிவிடும், அதுவும் திறந்திருக்க வேண்டும்.

லைசென்ஸ் வகை பர் யூசரா (ஆளுக்கு ஒன்று) பர் டிவைஸா (கணினிக்கு ஒன்று) என்பதும் வாங்கியதோடு பொருந்த வேண்டும். விண்டோஸ் சர்வர் 2019 லைசென்ஸை வைத்து 2022 செஷன் ஹோஸ்ட்டுக்குள் போக முடியாது. லைசென்ஸ் சர்வர் இல்லாமலே நுழைய விடும் முதல் 120 நாள் சலுகைக் காலத்தில் இதெல்லாம் கண்ணில் படாது, அது முடிந்ததும் தாமதமெல்லாம் இல்லை, நேராகக் கதவடைப்புதான்.

பர் டிவைஸ் முறையில் ஒரே ஒரு கணினியில் மட்டும் தகராறு என்றால், அந்தக் கணினியின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் செட்டிங்கைச் சேமிக்கும் இடம்) 'எம்எஸ்லைசென்சிங்' (MSLicensing) கீயை பேக்கப் எடுத்துவிட்டு அழியுங்கள். அப்புறம் ரிமோட் டெஸ்க்டாப்பை ஒரு முறை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' மூலம் திறந்து கனெக்ட் செய்யுங்கள், கீ புதிதாக உருவாகிவிடும்.