எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் நடங்கள்

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறான். "என்னப்பா ஆயிற்று?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை அம்மா" என்கிறான். அந்த நேரத்தில் எதிரே உட்கார்ந்து துருவாதீர்கள். வெயில் தாழ்ந்ததும் பெசன்ட் நகர் கடற்கரைக்கோ தெருமுனைக் கடைக்கோ கூட நடக்கக் கூப்பிடுங்கள். முகத்துக்கு முகம் பார்க்காமல் பக்கத்தில் நடக்கும்போது இந்த வயதினருக்கு வாய் திறப்பது எளிது. என் மகள் பேசியதும் அப்படித்தான். சுண்டல் பொட்டலம் பாதி காலியான பிறகு, அலையைப் பார்த்தபடி.

அப்போது மார்க், கட் ஆஃப், நீட் என எதையும் நீங்களாகத் தொடங்காதீர்கள். "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்" என்பது வேண்டவே வேண்டாம். அறிவுரையை விழுங்கிவிட்டுக் கேளுங்கள்.

தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, நண்பர்களை ஒதுக்குவது இரண்டு வாரம் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். "வாழவே பிடிக்கவில்லை" என்ற சொல் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

14416 என்ற, மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. இரண்டையும் இன்றே பிள்ளையின் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள்.