பெயர் ஒன்று, விடை வேறு: கணித மென்பொருள் ஆக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்தில் நான் எண்ணியல் முறைகள் கற்பிக்கும் கல்லூரியில் சில மாணவர்கள் சிறிய கணித மென்பொருள் ஒன்றை எழுதத் தொடங்கியபோது, பொறியியல் கணக்குகளுக்குப் பயன்படும் மேட்லேப் என்னும் வணிக மென்பொருளுக்குப் பழகியவர்களை ஈர்ப்பதற்காக அதன் கட்டளை அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பாதியில் நிறுத்தக்கூடாது என்றேன்.

முதல் தவறு அங்கேதான் நேர்கிறது: கட்டளையின் தோற்றத்தை எடுத்துக்கொண்டு அதன் பொருளை விட்டுவிடுவது. கல்லணையில் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிகிறது. நாளுக்கொரு நிரையும் (கிடை வரிசை) ஆற்றுக்கொரு நிரலுமாக (செங்குத்து வரிசை) ஒரு மாதத்துத் திறப்பு அளவுகளை அணியாக, அதாவது எண் அட்டவணையாக, அமைத்து, 'சம்' என்னும் கூட்டல் கட்டளையைக் கொடுத்தால், மேட்லேப் ஒவ்வொரு நிரலையும் தனித்தனியே கூட்டி நான்கு எண்களைத் தருகிறது. பெயரும் அடைப்புக்குறியும் மாறாத அதே கட்டளைக்குச் சைலேப் என்னும் கட்டற்ற கணித மென்பொருள் அணி முழுவதையும் கூட்டி ஒரே எண்ணைத் தருகிறது. மேட்லேப் முறையில் கூட்டுவதற்கு 'எம்' என்ற குறியைத் தனியே சேர்க்க வேண்டும். விடையை நேரடியாகப் பார்ப்பவர் இதைக் கவனித்துவிடுவார். ஆனால் ஒவ்வொரு நாளின் அளவும் அந்தந்த ஆற்றின் மாத மொத்தத்தில் எத்தனை பங்கு என்று காண்பதற்காக அணியை அந்தக் கூட்டுத்தொகையால் வகுக்கும் நீண்ட புரோகிராமில், எந்தப் பிழைச் செய்தியும் எழாமல், நான்கு ஆறுகளின் பங்குகளும் தவறிவிடும். (நம் பாடநூல்களில் 'நிரல்' என்ற ஒரே சொல் அணியின் செங்குத்து வரிசையையும் புரோகிராமையும் குறித்து மாணவரைக் குழப்புவது இதற்குச் சற்றும் குறைந்ததல்ல.)

ஆகவே பொருள் மாறுமிடத்தில் தோற்றமும் மாறுவதே பயனருக்குச் செய்யும் உதவி. 2012-இல் வெளிவந்த ஜூலியா என்னும் கணினி மொழி, எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்குவதில் மேட்லேப்பை ஒத்திருந்தாலும், அணியின் உறுப்பைச் சுட்டுவதற்கு மேட்லேப்பின் வளைவு அடைப்புக்குறிக்குப் பதிலாகச் சதுர அடைப்புக்குறியைக் கேட்கிறது. ஓர் அணிக்கு இரண்டாவது பெயர் வைத்தால் நகல் உண்டாவதில்லை என்பது போன்ற கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகளையும் அதன் கையேடு தனிப் பகுதியாகவே எழுதி வைத்திருக்கிறது.

இரண்டாவது தவறு, முழுமையாகப் போலச் செய்துவிட்டு அதன்மேல் சொந்த வசதிகளை ஓசையின்றிச் சேர்ப்பது. வேதி உலை வடிவமைப்புப் பாடநூலுக்குத் துணையாக 1988-இல் எண்ணப்பட்டு, 1992-இல் ஜான் ஈட்டன் எழுதத் தொடங்கிய ஆக்டேவ் என்னும் கட்டற்ற மென்பொருள், மேட்லேப்பிலிருந்து வேறுபடும் விடையைப் பிழையாகவே கருதும் அளவுக்கு உறுதியானது. ஆயினும் '#' குறியில் தொடங்கும் விளக்கவரி, இருக்கும் மதிப்போடு கூட்டிவைக்கும் '+=' போன்ற, மேட்லேப் ஏற்காதவற்றையும் அது ஏற்கிறது. வீட்டில் ஆக்டேவில் எழுதிப் பழகிய மாணவர், மேட்லேப் மட்டுமே உள்ள ஆய்வகத்தில் அதே கோப்பைத் திறக்கும்போது பிழை வருகிறது. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கும் நாளில்தான் பெரும்பாலும் அது தெரியவருகிறது.

கட்டளை அமைப்புதான் பயனரைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று எண்ணுவது மூன்றாவது தவறு. என் கணிப்பில் இதுவே பெரியது. கட்டுப்பாட்டுப் பொறியியல் ஆசிரியரை மேட்லேப்பில் நிறுத்தி வைத்திருப்பவை, அமைப்புகளைக் கட்டப்படமாக வரைந்து இயக்கிப் பார்க்க உதவும் அதன் துணை மென்பொருளான சிமுலிங்க்கும், துறைவாரியான கருவித் தொகுப்புகளும், அவற்றைக் கொண்டே பயிற்சிகளை அமைத்த பாடநூல்களுமே ஆகும். கட்டற்ற மென்பொருளைக் கல்வியில் பரப்பும் மும்பை ஐஐடியின் ஃபாஸ்ஸி திட்டம் இதை உணர்ந்து, பாடநூல்களில் தீர்த்துக் காட்டப்பட்ட கணக்குகளைச் சைலேப்பில் எழுதித் தொகுத்தது. கட்டளைகள் வேறாக இருந்தும், கையிலுள்ள புத்தகத்தின் கணக்கு அங்கே கிடைப்பதால் மாணவர் அதைத் திறந்து பார்க்கிறார்.

எங்கள் மாணவர்கள் இப்போது 'சம்' என்பதை மேட்லேப் பொருளிலேயே விட்டுவிட்டு, அணி முழுவதையும் கூட்டுவதற்கு 'மொத்தம்' என்று வேறு கட்டளை அமைத்திருக்கிறார்கள். அடைப்புக்குறி பற்றிய விவாதம் மட்டும் இன்னும் முடியவில்லை.