தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வரும் தமிழர்களுக்கு: பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவு

வேலை விசாவில் ஜோஹன்னஸ்பர்க்கிலோ டர்பனிலோ வந்து இறங்குபவர்கள் முதல் வாரத்தில் விசாரிப்பது வீட்டு வாடகை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், இட்லி அரிசி கிடைக்கும் கடை. ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) அலுவலகம் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கிற நாள் வரும்போது பெரும்பாலும் ஏதோ ஒரு கெடு தாண்டியிருக்கும். பிறப்பு, கல்யாணம், இறப்பு, அடையாள அட்டை, விசா என்று எல்லாமே இந்த ஒரே துறையின் கையில்தான். ஒரு பதிவில் விழும் ஓட்டை இன்னொரு விண்ணப்பத்தில் வந்து இடிக்கும்.

முதலில் அரசியலமைப்பு. 1997 பிப்ரவரி 4-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 28-வது பிரிவு, ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்தது முதலே ஒரு பெயரும் ஒரு நாட்டின் குடியுரிமையும் பெற உரிமை உண்டு என்கிறது. குடிமக்களின் குழந்தை என்று பிரித்துச் சொல்லவில்லை. உங்கள் குழந்தையும் அதில் அடக்கம். ஆனால் இங்கே பிறந்துவிட்டால் தென்னாப்பிரிக்கக் குடியுரிமை தானாகக் கிடைத்துவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. நம்மவர்கள் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான்.

குழந்தை பிறந்தால்

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1992-ல் வந்தது. பிறந்த 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனை தரும் பிறப்புச் சான்றுப் படிவம், பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட், செல்லுபடியாகும் விசா, கல்யாணச் சான்றிதழ் இவற்றை எடுத்துக்கொண்டு இருவருமே போய்விடுங்கள். பல மருத்துவமனைகளுக்குள்ளேயே ஹோம் அஃபேர்ஸ் கவுண்டர் இருக்கிறது. அங்கே முடித்துவிட முடிந்தால் அதைவிட நிம்மதி வேறில்லை. வெளி அலுவலகம் என்றால் ஆன்லைனில் நேரம் பதிவு செய்து காலையிலேயே போங்கள். 'சிஸ்டம் ஆஃப்லைன்' என்ற பதிலை எப்படியும் ஒருநாள் கேட்பீர்கள். அதற்காகவே கடைசி வாரம் வரை தள்ளிப்போட வேண்டாம்.

30 நாள் தாண்டினால் ஏன் தாமதம் என்று அஃபிடவிட் கொடுக்க வேண்டும், கூடுதல் விசாரணையும் வரும். ஒரு வருடம் தாண்டினால் கெடுபிடி இன்னும் அதிகம். அஃபிடவிட்டுக்கு வக்கீலைத் தேடி ஓட வேண்டாம். பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாகவே கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தருவார்கள். அசலோடு ஒப்பிட்டு நகலுக்குச் சான்று போடுவதும் அங்கேயே நடக்கும். ஊரில் போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்காதவர்கள் இங்கே அடிக்கடி போக வேண்டியிருக்கும், பயப்பட ஒன்றுமில்லை.

தற்காலிக விசாவில் இருப்பவர்களின் குழந்தைக்குக் கிடைக்கும் சான்றிதழில் 13 இலக்க அடையாள எண் இருக்காது. அதைப் பார்த்து 'இது வெறும் பேப்பர்தானே' என்று அலட்சியமாக இருக்காதீர்கள். குடியுரிமைச் சட்டப்படி, இங்கே பிறந்து 18 வயது வரை இங்கேயே வளர்ந்த பிள்ளை குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. நிரந்தரக் குடியிருப்பு அனுமதி பெற்றவர்களின் பிள்ளைகளுக்கு அது இன்னும் உறுதியான உரிமை. ஆனால் இரண்டிலும் ஒரு நிபந்தனை: பிறப்பு முறைப்படி பதிவாகியிருக்க வேண்டும். நீங்கள் இன்று வரிசையில் நின்று வாங்கும் தாளைப் பிள்ளை 18 வருடம் கழித்து எடுத்து நீட்ட வேண்டியிருக்கும்.

அதோடு வேலை முடியவில்லை. இந்தியப் பெற்றோர் என்றால், 1955-ம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்திலும் குழந்தையைப் பதிவு செய்ய வேண்டும். பிரிட்டோரியாவில் ஹை கமிஷன் இருக்கிறது. டர்பன், ஜோஹன்னஸ்பர்க், கேப் டவுனில் துணைத் தூதரகங்கள். இலங்கைக்காரர்களுக்கும் இதேபோல ஒரு வருடக் கணக்கு உண்டு. பிரிட்டோரியாவில் இருக்கும் இலங்கை ஹை கமிஷனை அணுகுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் குழந்தைக்குத் தென்னாப்பிரிக்கக் குடியுரிமையும் இல்லை, ஊர்ப் பாஸ்போர்ட்டும் இல்லை என்ற நடுத்தெரு நிலை வரும். விடுமுறைக்கு ஊருக்குப் போகக்கூட முடியாது.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் உட்கார்ந்து யோசியுங்கள். இங்கே குழந்தைக்குக் குடும்பப்பெயர் கட்டாயம். அது அப்பாவுடையதாகவோ அம்மாவுடையதாகவோ இரண்டும் சேர்ந்ததாகவோ இருக்கலாம். நம் பாஸ்போர்ட்டில் பலருக்கு அந்தக் கட்டமே காலி. கவுண்டரில் இருப்பவர் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தனக்குத் தோன்றியபடி பிரித்து எழுதினால், சென்னையில் பிறந்த அக்காவுக்கு ஒரு எழுத்து இனிஷியல், இங்கே பிறந்த தம்பிக்கு அப்பாவின் முழுப்பெயரே குடும்பப்பெயர் என்று ஆகிவிடும். மருத்துவமனைப் படிவத்திலேயே நீங்கள் முடிவு செய்த எழுத்துக்கூட்டலை எழுதிக் கொடுங்கள். டர்பன் பக்கம் கோவெண்டர் என்ற பெயரை எங்கும் பார்ப்பீர்கள். கவுண்டர் என்ற நம் ஊர்ச் சாதிப் பெயர் அந்தக் கால எழுத்தர்களின் கையில் அப்படி ஆனது என்று சொல்வார்கள்.

விசா காலாவதியாவது பதிவையும் பாதிக்கும். தென்னாப்பிரிக்க ராணுவ வீரர் ஒருவருக்கும் காங்கோவைச் சேர்ந்த பெண்ணுக்கும் 2016-ல் குழந்தை பிறந்தது. அம்மாவின் விசா முடிந்துவிட்டது, பெற்றோருக்குச் சட்டப்படி கல்யாணமும் ஆகவில்லை என்பதால் பதிவு மறுக்கப்பட்டது. வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2021 செப்டம்பரில் அந்த நீதிமன்றம், மணமாகாத தந்தை தன் குழந்தையைப் பதிவு செய்வதைத் தடுத்த சட்டப் பிரிவு செல்லாது என்று சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைய நம்மால் ஆகுமா? விசா தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு முன்கூட்டியே புதுப்பிப்பதே சுலபம்.

சான்றிதழ் இல்லை என்று எந்த அரசுப் பள்ளியாவது பிள்ளையைத் திருப்பி அனுப்பினால், 2019 டிசம்பரில் மக்காண்டா உயர் நீதிமன்றம் சொன்னதை ஞாபகப்படுத்துங்கள்: ஆவணம் இல்லாத குழந்தைக்கும் பள்ளியில் இடம் தர வேண்டும்.

கல்யாணம்

ஊரிலேயே கல்யாணம் ஆனவர்கள் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டத்தால் கல்யாணப் பதிவு கட்டாயமாகிவிட்டது. அந்தச் சான்றிதழில் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானதுதான் என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்லும் அரசு முத்திரை) வாங்கிக்கொண்டால் இங்கே கேள்வி குறையும். பத்திரிகையும் தாலி கட்டும் போட்டோவும் கவுண்டரில் எடுபடாது.

இங்கே வந்து கட்டிக்கொள்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. கோயிலில் ஐயர் நடத்தி வைத்தால் மட்டும் அது சட்டப்படியான கல்யாணம் ஆகாது. 1961-ம் ஆண்டுக் கல்யாணச் சட்டத்தின் கீழ், கல்யாணம் நடத்தி வைக்க அரசு நியமித்த அதிகாரியாக அவர் இருக்க வேண்டும். இந்திய மதங்களின் குருமார்களையும் அப்படி நியமிக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. எனவே மண்டபம் பிடிப்பதற்கு முன் 'உங்களுக்கு நியமனம் இருக்கிறதா' என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஹோம் அஃபேர்ஸில் தனியாக ஒரு முறை நடத்திக்கொள்ளுங்கள். வெறும் சடங்குக் கல்யாணம் விஷயத்தில் டர்பன் நீதிமன்றத்தில் இரண்டு விதமாகவும் தீர்ப்பு வந்திருக்கிறது: உயில் எழுதாமல் இறந்த கணவரின் சொத்தில் மனைவிக்குப் பங்கு உண்டு என்று ஒன்று; விவாகரத்துச் சட்டம் அந்தக் கல்யாணத்துக்குப் பொருந்தாது என்று இன்னொன்று. இந்த இழுபறியில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பெண்தான்.

இது இங்கே நமக்குப் பழைய காயம். 1913 மார்ச்சில் கேப் நீதிமன்ற நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பு கிறிஸ்தவ முறையில் நடக்காத கல்யாணங்களைக் கேள்விக்குள்ளாக்கியது. அதன்பிறகுதான் இந்தியப் பெண்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் வளர்ந்த தில்லையாடி வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையில் நோயுற்று, விடுதலையான பிறகு 1914 பிப்ரவரியில் இறந்துபோனார். அந்த வருடமே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் அந்தக் கல்யாணங்களுக்கு ஓரளவு வழி செய்தது.

அப்புறம் சொத்து. ஒப்பந்தம் எதுவும் எழுதாமல் இங்கே கல்யாணம் செய்தால் பொதுவாக இருவர் சொத்தும் கடனும் ஒன்றாகிவிடும். வேண்டாம் என்றால் கல்யாணத்துக்கு முன்பே நோட்டரியிடம் ஒப்பந்தம் எழுத வேண்டும். கணவரின் சொந்த நாடு வேறு என்றால் எந்தச் சட்டம் பொருந்தும் என்பதையும் அந்த நோட்டரியிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இறப்பு

பேசப் பிடிக்காத விஷயம், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். இறப்பைப் பதிவு செய்து அடக்க அனுமதி வாங்காமல் புதைக்கவோ எரிக்கவோ முடியாது. டாக்டர் காரணம் எழுதித் தரும் படிவம்தான் ஆரம்பம். இறுதிச் சடங்கு நடத்தும் நிறுவனங்கள் இந்த வேலையைப் பெரும்பாலும் தாங்களே முடித்துத் தருவார்கள். உடலை ஊருக்கு அனுப்ப வேண்டுமானால் தூதரகத்தின் தடையில்லாச் சான்றும் உடலைப் பதப்படுத்தியதற்கான சான்றும் வேண்டும். இறந்தவரின் பாஸ்போர்ட்டையும் அங்கேதான் ரத்து செய்ய வேண்டும். விபத்தோ கொலையோ என்றால் போலீஸ் வழக்கும் பிரேதப் பரிசோதனையும் முடியும்வரை உடலைத் தரமாட்டார்கள். ஊரில் இருப்பவர்களிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவசரப்பட்டு டிக்கெட் போட வேண்டாம்.