உரிமை தீராத கடலில் எண்ணெய்: கூட்டு மேம்பாட்டு ஒப்பந்தத்தை வரையும் முறை

இரு நாடுகளும் உரிமை கோரும் கடலில், எல்லைத் தகராறைத் தள்ளிவைத்துவிட்டு எண்ணெயையும் எரிவாயுவையும் எடுத்துப் பங்கிட்டுக்கொள்ள வழி செய்வதே கூட்டு மேம்பாட்டு ஒப்பந்தம். காரைக்குடிப் பக்கத்துச் சட்ட மாணவர்கள் எழுதிப் பழகும் மாதிரி வரைவுகளில் பல, "இலாபம் சரிபாதி" என்றே தொடங்குகின்றன. அந்த வரி கடைசியில் எழுத வேண்டியது.

எல்லை உண்மையிலேயே தீராததா என்று முதலில் பாருங்கள். அருகிலிருக்கும் தொண்டிக் கடல் இதற்குப் பொருந்தாது. பாக் நீரிணையில் 1974இலும் மன்னார் வளைகுடாவில் 1976இலும் இந்தியாவும் இலங்கையும் கோடு வகுத்துவிட்டன. கச்சத்தீவு பற்றிய அரசியல் வாதம் தனி. கோட்டுக்கு இருபுறமும் பரவிய ஒரே எண்ணெய்ப் படிவத்தை ஒரு புறமிருந்து எடுக்க நேர்ந்தால், எடுக்கும் முறையையும் வருவாய்ப் பங்கையும் பேசித் தீர்க்க முயல வேண்டும் என்று 1974 ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. நாம் எழுதப்போவது கோடே இல்லாத இடத்துக்கு.

அங்கே முதல் பிரிவு, "இவ்வொப்பந்தம் எவருடைய உரிமைக் கோரிக்கையையும் பாதிக்காது" என்பதாக இருக்கட்டும். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, 74, 83 ஆகிய பிரிவுகளின் மூன்றாம் பத்திகளில், இறுதி எல்லைக்குப் பங்கமில்லாத தற்காலிக ஏற்பாடுகளுக்கு முயலுமாறு நாடுகளைப் பணிக்கிறது. பாகம் பிரியாத செட்டிநாட்டு வீட்டுக்காக வழக்காடும் பங்காளிகள், வாடகையைப் பிரித்துக்கொண்டதாலேயே எதிராளியின் பாத்தியதையை ஒப்புக்கொண்டதாகாது என்று எழுதிவைத்துக்கொள்வதை ஒத்தது இது. கயானா–சுரிநாம் வழக்கில் 2007இல் நடுவர் தீர்ப்பாயம், ஒப்பந்தமின்றித் துளையிடுவது கடமை மீறல் என்றும் ஒலி அலைகளால் கடலடியை அறியும் நில அதிர்வு ஆய்வு அப்படியன்று என்றும் பிரித்துக் காட்டியது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்வரை எது அனுமதி, எது தடை என்பதை அந்த அளவுகோலில் எழுதுங்கள்.

பரப்பை ஆயத்தொலைவுகளால் குறித்துவிட்டு நிர்வாகத்துக்கு வாருங்கள். ஒப்பந்தம் பிழைப்பதும் முடங்குவதும் பெரும்பாலும் இங்கேதான். மூன்று வழிகள் உண்டு. 1958இல் சவூதி அரேபியாவும் பஹ்ரைனும் செய்ததுபோல ஒரு நாடே எடுத்து நிகர வருவாயில் பாதியை மற்றதற்குத் தரலாம். இது எளிது, ஆனால் நம்பிக்கை மிகுதியாக வேண்டும். 1992இல் மலேசியாவும் வியட்நாமும் செய்ததுபோல இரு தேசிய நிறுவனங்களிடம் பொறுப்பை விடலாம். விரைவாக வேலை நடக்க இதுவே ஏற்றது என்பது என் கருத்து. மூன்றாவது, இரு நாட்டுப் பிரதிநிதிகளும் அமரும் கூட்டு ஆணையம். மலேசியாவும் தாய்லாந்தும் 1979இல் ஏறத்தாழ 7,250 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு அதை ஏற்றுக்கொண்டன. ஆனால் ஆணையத்தின் அமைப்பை வகுக்கும் ஒப்பந்தம் 1990இல்தான் கையெழுத்தானது, எரிவாயு 2005இல்தான் வந்தது. ஒரு நாட்டில் உரிமமுறையும் (நிறுவனம் எடுத்து அரசுக்கு உரிமத்தொகையும் வரியும் செலுத்துவது) மற்றதில் உற்பத்திப் பகிர்வு முறையும் (எடுத்ததை அரசும் நிறுவனமும் பங்கிட்டுக்கொள்வது) இருந்தது தாமதத்துக்கு ஒரு காரணம். ஆகவே இவற்றில் எம்முறை, ஆணையத்தில் வாக்குகள் சமமானால் யார் தீர்ப்பது என்பவற்றை முதல் ஆவணத்திலேயே முடித்துவிடுங்கள்.

சுங்கம், வரி, குற்றவியல் அதிகாரம், தொழிலாளர் பாதுகாப்பு, எண்ணெய் எடுக்கும் மேடைகளை அகற்றும் செலவு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பிரிவுகள் வேண்டும். கடைசியாகச் சொன்னதை எல்லோரும் மறக்கிறார்கள்.

இனிப் பங்கு. சரிபாதி கட்டாயமன்று: நைஜீரியாவும் சாவோ தோமேயும் 2001இல் 60:40 என்றும், கிழக்குத் திமோரும் ஆஸ்திரேலியாவும் 2002இல் 90:10 என்றும் வைத்துக்கொண்டன. பின்னிரு நாடுகளின் 2018 உடன்படிக்கையில், திமோர் கடலிலுள்ள கிரேட்டர் சன்ரைஸ் வயல்களின் எரிவாயு திமோருக்குக் குழாயில் வந்தால் அந்நாட்டுக்கு 70 விழுக்காடு, ஆஸ்திரேலியாவுக்குப் போனால் 80. விகிதத்தைவிட, அது மொத்த உற்பத்தியின் மீதா, செலவு கழித்த மீதியின் மீதா என்பதே பெரிது. நிறுவனம் தன் செலவை உற்பத்தியிலிருந்து கழித்துக்கொள்ளும் செலவு மீட்புக்கு உச்சவரம்பு வைத்து, ஆண்டுதோறும் ஐந்தொகையை இரு தரப்பும் தணிக்கை செய்யும் உரிமையையும் எழுதுங்கள்.

முடிவில் காலவரம்பு. ஜப்பானும் தென்கொரியாவும் 1974இல் செய்த ஒப்பந்தம் 1978இல் நடைமுறைக்கு வந்து, குறைந்தது 50 ஆண்டுகளுக்கு, அதாவது 2028 வரை நீள்கிறது; இத்தனை நீண்ட காலம் வைப்பதானால் இடையில் மறுபரிசீலனைக்கு ஒரு வழி விடுங்கள். அதற்குள் எல்லை தீர்ந்துவிட்டால் ஏற்கெனவே உரிமம் பெற்ற நிறுவனங்களின் நிலை என்ன என்பதற்கும் ஒரு பிரிவு எழுதுங்கள்.