12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கு 16 வோல்ட் கெப்பாசிட்டர் போதாது

டிரான்ஸ்ஃபார்மர் மேல் 12 வோல்ட் என்று போட்டிருந்தால் அது ஆர்.எம்.எஸ். மதிப்பு, அதாவது அதே அளவு சூட்டைத் தரும் டி.சி. வோல்டேஜுக்குச் சமமான கணக்கு. சைன் அலையின் உச்சம் அதைப்போல் 1.414 மடங்கு, கிட்டத்தட்ட 17 வோல்ட். ஏ.சி.யை டி.சி.யாக்கும் டையோடு பிரிட்ஜில் இரண்டு டையோடு சேர்ந்து 1.4 வோல்ட் தின்றுவிடும், மிச்சம் 15.6. அதன் பின்னால் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் ஃபில்டர் கெப்பாசிட்டர் அந்த உச்சம் வரை சார்ஜ் ஆகும். லோடு இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் கூடுதலாகவே தரும். ஒருமுறை 16 வோல்ட் போட்டேன். சில நாளில் தலை உப்பி, அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தது. 25 வோல்ட்டே வாங்குங்கள், விலை வித்தியாசம் சொற்பம்தான்.

வீட்டு மின்சாரமும் அப்படித்தான்: 230 என்கிறோம், உச்சம் 325. சார்ஜருக்குள் 400 வோல்ட் கெப்பாசிட்டர் இருப்பது அதனால்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் சார்ஜ் நிற்கும், விரல் வைக்காதீர்கள்.

இந்த 1.414 கணக்கு சைன் அலைக்கு மட்டும். சதுர அலையில் உச்சமும் ஆர்.எம்.எஸ்ஸும் ஒன்றே. மலிவான மல்டிமீட்டர் எல்லா அலையையும் சைன் என்றே எடுத்துக்கொண்டு, சதுர அலைக்கு 11 சதவீதம் கூட்டிக் காட்டும். சதுர அலை இன்வெர்ட்டரை அளப்பவர்கள் 'ட்ரூ ஆர்.எம்.எஸ்.' என்று போட்ட மீட்டராகப் பார்த்து வாங்குங்கள்.