கொமுட்டர் ஏறிக் காட்டுக்கும் கடலுக்கும்: கோலாலம்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

எங்கே போவது என்று பார்ப்பதற்கு முன்னால் எப்படித் திரும்புவது என்று பாருங்கள். கார் இல்லாமல் நடக்கக் கிளம்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது மலை உச்சியில் அல்ல, அடிவாரத்தில். கிராப் (செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) கிடைக்காது, மழை பிடித்துவிடும், அடுத்த ரயிலுக்கு முக்கால் மணி நேரம் கிடக்கும். நகர ரயில்களான எல்.ஆர்.டி.யும் எம்.ஆர்.டி.யும் சில நிமிடங்களுக்கு ஒன்று வரும். கே.டி.எம். கொமுட்டர் என்ற புறநகர் ரயில் அப்படியல்ல. நகரத்துக்குள் அரை மணிக்கு ஒன்று, வெளியே போகப் போக ஒரு மணிக்கு ஒன்று என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சனி ஞாயிறு அட்டவணை வேறு. இறங்கிய நிலையத்திலேயே திரும்பும் ரயில்களின் நேரத்தைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

கட்டணம் செலுத்தும் டச் அண்ட் கோ கார்டில் 20 வெள்ளியாவது (ரிங்கிட்) இருக்கட்டும். கடைசி நிலையங்களில் கார்டில் பணம் ஏற்ற அலைய வேண்டியிருக்கும். கூட வேலை செய்கிறவர்கள் புகழும் மாதம் 50 வெள்ளி பயண பாஸ் மலேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். கொமுட்டரில் அதுவும் செல்லாது.

நகரின் முக்கிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலில் இரண்டு கொமுட்டர் தடங்களும் ஒரே இடத்தில் வந்து போகும். பத்துமலைக்கும் புலாவ் செபாங்குக்கும் இடையே ஓடுவது ஒன்று, தஞ்சோங் மாலிமுக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் இடையே ஓடுவது இன்னொன்று. வந்து நிற்கிற ரயிலில் ஏறாதீர்கள். பலகையில் கடைசி ஊர் பெயரைப் பார்த்து ஏறுங்கள். வடக்கே போகும்போது தடம் மாறி ஏறிவிட்டால் புத்ரா நிலையத்திலாவது இறங்கிவிட வேண்டும், அதற்குப் பிறகு தடங்கள் பிரிந்துவிடும். தெற்கே போகும்போது கே.எல். சென்ட்ரலோடு பிரிவு வந்துவிடுகிறது. நடுவில் வரும் இளஞ்சிவப்புப் பெட்டி பெண்களுக்கு மட்டும். குழந்தையோடு மனைவி முன்னே ஏறினாரென்று பின்னால் ஓடி ஏறாதீர்கள்.

காலை ஆறு மணிக்கு நன்றாக விடிந்துவிடும் என்று ஊர்ப் பழக்கத்தில் அலாரம் வைக்க வேண்டாம். இங்கே ஏழு மணிக்கு மேல்தான் வெளிச்சம். ஏழரைக்கு நடக்க ஆரம்பித்து பகல் ஒரு மணிக்குள் முடித்துவிட்டால் வெயிலும் இல்லை, இடியும் இல்லை. இந்தப் பக்கத்து மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் அது தப்பவே தப்பாது.

முதல் நடைக்குப் பத்துமலையைச் சொல்வார்கள். ரயில் கோயில் வாசலிலேயே கொண்டு போய் விடும், 272 படி ஏறலாம். ஆனால் அது நடை அல்ல, தரிசனம். காட்டைப் பார்க்கத்தான் ஆசை என்றால் கெப்போங் போங்கள்.

கெப்போங்கில் இருப்பது ஃப்ரிம், மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் காட்டு வளாகம். வெள்ளீயம் தோண்டி வெறும் மணலாகக் கிடந்த நிலத்தில் 1920களில் மரம் நட ஆரம்பித்தார்கள். இன்று பார்த்தால் நட்ட காடு என்று யாரும் நம்ப மாட்டார்கள். 2025இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கெப்போங், கெப்போங் சென்ட்ரல் என்று இரண்டு கொமுட்டர் நிலையங்கள் உண்டு. எதில் இறங்கினாலும் வாசல் வரை கிராப் எடுங்கள், சாலையோரம் நடந்து போகிற மாதிரி இல்லை. எம்.ஆர்.டி.யில் வருகிறவர்களுக்கு ஸ்ரீ டாமன்சாரா தீமோர் நிலையம் கெப்போங் சென்ட்ரலை ஒட்டியே இருக்கிறது. நுழைவுச் சீட்டு வெளிநாட்டவருக்குக் கூடுதல் விலை.

உள்ளே கபூர் மரத் தோப்பைத் தேடிப் போய் அண்ணாந்து பாருங்கள். ஒரு மரத்தின் உச்சிக்கிளை பக்கத்து மரத்தின் கிளையைத் தொடாது. நடுவே வானம் வாய்க்கால் மாதிரி வளைந்து வளைந்து ஓடும். காற்றில் கிளைகள் உரசி ஒடிவதால் வரும் இடைவெளி என்று முதலில் நினைத்தார்கள். உரசிய தடயம் எதுவும் இல்லை, பக்கத்து இலைகளால் வெளிச்சம் குறைவதை உணர்ந்து நுனி வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது என்று அங்கேயே வேலை பார்த்த ஆய்வாளர் 1977இல் எழுதினார். விவாதம் இன்னும் முடியவில்லை. பழைய காலத்துக் கற்பூர வணிகத்துக்குச் சரக்கு தந்த மரம் இது. கீழே விழுந்த இலையைக் கசக்கி முகர்ந்தால் தெரியும்.

அருவி பார்க்க ரவாங் வரை போய் அங்கிருந்து கிராப்பில் கஞ்சிங். ஏழு அடுக்கு அருவி. கீழ் அடுக்குகளில் குடும்பங்கள் கூடும், மேலே போகப் போக வேர்கள் மேல் கால் வைத்து ஏறும் வழி, வழுக்கும். குரங்குகள் பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தத்துக்கே வந்துவிடும், சாப்பாட்டைப் பைக்குள் பூட்டி வையுங்கள். இங்கே உண்மையான ஆபத்து கெப்பாலா ஆயர் என்று சொல்லப்படும் திடீர் வெள்ளம். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடிக்கும், மேலே மலையில் பெய்த மழை ஒரேயடியாக இறங்கும். தெளிந்த நீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், துண்டையும் செருப்பையும் விட்டுவிட்டு உடனே கரையேறுங்கள்.

இனி கடல். மணல் கடற்கரை வேண்டும் என்றால் கொமுட்டர் கொண்டு போய் விடாது, இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். கடற்கரை ஊரான போர்ட்டிக்சனுக்கு இப்போது பயணிகள் ரயில் இல்லை. சிரம்பானில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ரயில் முடிகிற கடல் கிள்ளான் துறைமுகம், அது சேறும் சதுப்புக்காடும். அந்தக் கடலுக்கென்று தனி அழகு உண்டு, குளிக்கத்தான் முடியாது.

கே.எல். சென்ட்ரலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். கடைசி நிலையம்தான், தூங்கினாலும் பரவாயில்லை. குளிர்சாதனம் கடுமை, ஒரு சால்வை வையுங்கள். நிலையத்துக்கு எதிரிலேயே படகுத்துறை. புலாவ் கேத்தாம் தீவுக்குப் போகும் படகில் ஏறுங்கள். சில படகுகள் வழியில் சுங்கை லீமா என்ற சிற்றூரில் நிற்கும், எல்லாரும் எழுந்தார்களென்று அங்கே இறங்கிவிடாதீர்கள். தீவில் காரே கிடையாது. சீன மீனவர்களின் வீடுகள் கால்கள் மேல் நிற்கின்றன, தெருவும் அப்படியே. மின்சார சைக்கிள்கள் சத்தமில்லாமல் பின்னால் வரும், தெருவின் ஓரமாக நடங்கள். நீர் வற்றும் நேரத்தில் போனால் வீடுகளுக்கு அடியில் சேறு முழுக்க உயிர். ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெருத்த நண்டுகள் அதைத் தூக்கித் தூக்கிக் காட்டும். துடுப்பை ஊன்றிச் சேற்றில் நடக்கிற மீனையும் பார்க்கலாம். கடைசிப் படகு எப்போது என்று போய் இறங்கிய உடனே துறையில் கேளுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே வழி குறைவு. திரும்பும்போது கிள்ளானில் இறங்கினால் நிலையத்துக்குப் பக்கத்தில் தெங்கு கெலானா சாலை, வாழையிலைச் சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை.

புரோகா மலையை நண்பர்கள் சிபாரிசு செய்வார்கள். சூரிய உதயத்துக்கு ஏறுகிற மலை அது, அந்த நேரத்துக்கு ரயிலே ஓடாது. காஜாங்கிலிருந்து தூரமும் அதிகம், திரும்ப வண்டி கிடைப்பது சிரமம். கார் வைத்திருப்பவரோடு போங்கள்.

வனக் காப்பகம் என்று பலகை போட்ட காட்டுக்குள் மாநில வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது 1984ஆம் ஆண்டு வனச்சட்டப்படி குற்றம். யாரோ இணையத்தில் போட்ட பாதையை நம்பிப் போகாதீர்கள். மழைக்குப் பின் அட்டை ஏறும். நீள சாக்ஸுக்குள் பேண்டை விடுங்கள். ஒட்டியிருந்தால் பிடித்து இழுக்காமல் நகத்தால் வாயோரம் தள்ளி எடுங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். அருவியில் குளித்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் மருத்துவரிடம் அருவிக்குப் போனதைச் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கடவுச்சீட்டையோ உங்கள் குடிநுழைவு பாஸையோ நனையாத உறையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள். அவசரத்துக்கு 999. பேசும்போது எந்தப் பாதை, கடைசியாகக் கடந்த பலகை எது என்று முதலில் சொல்லுங்கள்.